கட்டத்துக்குள் இருந்ததை நான் படித்தேன், மிச்சத்தைச் சங்கரன் படித்தான்

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குணம் மட்டும் இல்லாதிருந்தால் இன்றைக்கும் தம்பானூரில் ஏதாவது ஓட்டலில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பேன். இருபது வருடத்துக்கு மேல் வெப் புரோகிராமர் என்று சம்பளம் வாங்கி, போன வருடம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவன் நான். படிப்பு ஆறாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை.

ஓய்வு பெற்ற அன்று விருந்து முடிந்து கை கழுவுகிற இடத்தில் அபர்ணா என்கிற புதுப் பெண் கேட்டாள். "அங்கிள், சத்யமா புக் வாயிச்சாணோ கோடிங் படிச்சது? முழுவனுமா?"

"முழுவனும். அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும்."

நான் காசிக்கு நடந்துபோய் வந்தேன் என்று சொன்ன மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்ன வேண்டுமோ அதை ஒரு வாக்கியமாகக் கேட்டால் கம்ப்யூட்டரே புரோகிராமை எழுதித் தருகிறது. அவள் காபி ஆற்றுவதற்குள் பக்கம் தயார். அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவளைப் பற்றி இல்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகப் பொறாமைப்பட்டது ஒரே ஆளைப் பார்த்து. வலியசாலை சங்கரன்.

என் பூர்வீகத்தை நாலு வரியில் முடிக்கிறேன். போனக்காடு எஸ்டேட்டில் பிறந்தேன். அம்மா கொழுந்து எடுத்தாள். எஸ்டேட்டில் சம்பளம் நின்றபோது மலையை விட்டு இறங்கி, தம்பானூரில் ஓட்டல் வேலை. அங்கிருந்து செக்ரட்டேரியட் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் பெருக்கித் துடைக்கப் போய், முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில் கீபோர்டைத் தட்டிப் பழகி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஆளாக ஆனேன். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பேன். இங்கிலீஷில் அடிப்பது என்னவென்று தெரியாது, ஆனால் ஒரு எழுத்து பிசகாது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் லீனா மேடம் என்னைத் தன் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கம்பெனி என்றால் சாஸ்தமங்கலத்தில் ஒரு வீட்டு மாடி. கீழே வீட்டுக்காரர் மாவு அரைக்கிற சத்தம் மேலே கேட்கும். நகைக்கடை, ஆயுர்வேத ஆஸ்பத்திரி, ரிசார்ட் என்று வெப்சைட் செய்து கொடுப்பார்கள். முதலில் எனக்கு வேலை, விஷயத்தை டைப் அடித்துப் பக்கத்தில் ஏற்றுவது. புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர் வளைகுடாவுக்குப் போனார். மேடம் அலமாரியிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, "சேட்டா, ஒண்ணு நோக்கு" என்றார்கள். பி.எச்.பி.யில் வெப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிற இங்கிலீஷ் புத்தகம்.

நோக்கினேன். பக்கத்துக்குப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் புரோகிராம். கட்டத்துக்கு மேலும் கீழும் பத்தி பத்தியாக இங்கிலீஷ். பத்திகளை என்னால் படிக்க முடியவில்லை. கட்டத்தை அடிக்க முடிந்தது. அடித்தேன், ஓட்டினேன், திரையில் என்ன வருகிறது என்று பார்த்தேன். ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினேன். இப்படியே முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒன்று விடாமல் அடித்தேன். பாளையத்துப் பழைய புத்தகக் கடையில் அதே புத்தகம் கிடைத்தபோது எனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டேன். இப்படி ஒரு வித்தையை இப்படிக் கற்ற ஆள் திருவனந்தபுரத்தில் இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள், கும்பிடுகிறேன்.

இரண்டு வருடம் அந்த மாடியில் நான்தான் ராஜா. பக்கம் திறக்கவில்லையா, படிவம் போகவில்லையா, "தங்கராஜ் சேட்டனெ விளி" என்பார்கள். பிறகு சங்கரன் வந்தான். எம்.சி.ஏ. படித்தவன், என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இளையவன். எவர்சில்வர் தூக்கில் தயிர்சாதம் கொண்டுவருவான். கூடவே மாவடு. முதல் நாளே எனக்கு இரண்டு எடுத்து வைத்து, "அண்ணா, இது எங்காத்துல போட்டது, சாப்டுங்கோ" என்றான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆபீஸ் புத்தகத்தை அவன் படிக்கிற விதம் எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தொடாமல், வாரப்பத்திரிகை படிப்பதுபோலப் படிப்பான். கட்டம் வந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுவான்.

"தம்பி, அடிச்சுப் பாக்காம எப்டி மனசிலாகும்?" என்று கேட்டேன்.

"மனசிலாறதே அண்ணா. எல்லாம் விஸ்தாரமா சொல்லியிருக்கா. நீங்க பத்தியெல்லாம் வாசிக்கறதில்லையா?"

"அதெல்லாம் கதை. காரியம் கட்டத்துக்குள்ள இருக்கு."

அவன் சிரித்தான். கேலியாகச் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டம்.

லீனா மேடத்தின் ஒரு ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு எந்தக் கம்பெனியிலும் நான் இதைக் கேள்விப்பட்டதில்லை. சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஹாலில் பாய் விரித்து உட்காருவோம். அந்த வாரம் எழுதிய புரோகிராமைப் பேப்பரில் பிரிண்ட் எடுத்து வாசிக்க வேண்டும். நாம் எழுதியதை நாம் வாசிக்கக் கூடாது, மற்றவர் எழுதியதை. வாசிப்பதென்றால் உள்ளதை அப்படியே ஒப்பிப்பது இல்லை. வரி வரியாக, இந்த வரி என்ன செய்கிறது, ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்று அவரவர் தாய்மொழியில் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் சொன்னால் மேடம் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். இங்கிலீஷில் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

மேடம் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. பதில் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்பார்கள். மூன்றாவது தடவை கேள்வி காதில் விழாத அளவுக்கு மெதுவாகிவிடும். அப்போது நமக்கு வேர்த்துவிடும்.

சங்கரன் வருவதற்கு முன்னால் தமிழில் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் மலையாளம். என் தமிழ் மலைத் தமிழும் தம்பானூர் மலையாளமும் கலந்தது, ஆனாலும் அது என் இடம். அவன் வந்து முதல் சனிக்கிழமை, "இந்த வரி வாசல்ல நிக்கற காவல்காரன், உள்ள வரவாளோட பேரக் கேட்டுண்டு விடறான்" என்று ஆரம்பித்தான். தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட வாயைப் பிளந்து கேட்டார்கள். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

என் பெண்டாட்டி செல்வி மரச்சீனிக் கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தச் சங்கரன் நமக்கு வாடக தாரானா? தெனமும் இந்த வீட்டுலதான இருக்கான்."

இனி கல்லாறு விஷயம்.

பொன்முடி ஏறுகிற வழியில் கல்லாற்றங்கரையில் அறை வாடகைக்கு விடுகிற சிலர் சேர்ந்து எங்களிடம் ஒரு வெப்சைட் வைத்திருந்தார்கள். அறை காலியா என்று பார்த்து அங்கேயே முன்பதிவு செய்யலாம். வளைகுடாவுக்குப் போனவர் எழுதிவிட்டுப் போனது. அந்த ஓண விடுமுறையில் நல்ல மழை. சுகுமாரன் சேட்டன் என்று ஒருவர், டீக்கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அவர் பேச்சில் முறி, கட்டி விட்டிருந்தவர், காலையிலேயே ஃபோன் செய்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"மேடமே, ஒரு முறி. ரெண்டு குடும்பம். ரெண்டு பேர் கையிலயும் நிங்ஙள் குடுத்த பேப்பர். நான் எந்தா செய்யணும், முறிய நடுவுல வாழயில வெட்டுற மாதிரி வெட்டணோ?"

"சேட்டா, ஒரு குடும்பத்துக்கு வேற ஸ்தலம்..."

"என்றெ சொந்த முறியக் குடுத்தாச்சு. நானும் அவளும் நேத்து டீக்கடையில வெந்நி கொதிக்கிற சமோவர்ப் பக்கம் கெடந்தோம். அவளுக்கு சூடு, எனக்கு அவளோட வாய்."

அந்த விடுமுறையிலேயே இன்னொரு வீட்டிலும் அப்படியே நடந்தது. இன்னும் ஒரு தடவை நடந்தால் வெப்சைட்டை நிறுத்திவிடுவோம் என்று அறைக்காரர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் கழக்கூட்டத்துப் பெரிய கம்பெனி ஒன்று எங்களை ஆளோடும் வேலையோடும் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் சட்டப்படி பட்டம் இருந்தால்தான் நிரந்தரம். பட்டம் இல்லாதவனை நிரந்தரமாக எடுக்க ஒரே வழி, மேடம் அவனை லீட், அதாவது குழுவுக்குத் தலைவன், என்று எழுதிக் கொடுப்பது. லீட் ஒருவன்தான். என் வயதில் வேலை போனால் எங்கே போவேன்? மறுபடியும் கல்யாணப் பத்திரிகை. சங்கரனுக்குப் பட்டம் இருக்கிறது, லீட் பதவி கிடைக்காவிட்டாலும் அவனுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் எல்லாம்.

மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "கல்லாறு நிங்ஙள் ரெண்டாளும் நோக்கணும்" என்றார்கள். ரெண்டாளும் என்றால், லீட் யாரென்று இதை வைத்துத்தான் முடிவாகும்.

முதலில் இரட்டைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரே அறை, ஒரே நாள், இரண்டு பேர். பதிவான நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. புரோகிராமைப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அறை காலியா என்று பார்க்கிறது, காலி என்றால் எழுதுகிறது. நான் எத்தனை தடவை ஓட்டினாலும் தப்பு வரவில்லை. சங்கரன் நாற்காலியைச் சாய்த்து யோசித்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் தோன்றியது இது. மழையில் லைன் மெதுவாக இருந்திருக்கும். அப்படியானால் நானும் மெதுவாக்கிப் பார்க்கிறேன். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் கொஞ்சம் தூங்கிவிட்டுப் போ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். இரண்டு கம்ப்யூட்டரில் அதே அறையைத் திறந்தேன்.

"தம்பி, அந்த மெசின்ல நீ அமுக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

அமுக்கினோம். காத்திருந்தோம். இரண்டு திரையிலும் 'உங்கள் அறை உறுதி' என்று வந்தது. வளைகுடாக்காரர் விட்டுப்போன பேயை நான் பிடித்துவிட்டேன். இதைச் செய்தவன் நான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன் ஒரு விநாடி திரையைப் பார்த்தான். "அண்ணா, இது புஸ்தகத்துல இருக்கு" என்று எழுந்தான். ஆபீஸ் புத்தகம் வேறு யாரிடமோ இருந்ததால் என் மேசையில் கிடந்த என் புத்தகத்தையே எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தை விரித்து வைத்தான். நான் அடித்துப் பழகிய கட்டம். பக்கத்து ஓரத்தில் என் டீக்கறை. கட்டத்துக்கு நேர் கீழே இருந்த பத்தியில் விரலை வைத்துத் தமிழில் சொன்னான். "நீங்க அறைய எட்டிப் பாக்கறேள். காலி. பெட்டிய எடுக்கத் திரும்பறேள். அதுக்குள்ள இன்னொருத்தர் எட்டிப் பாக்கறார். அவருக்கும் காலி. அதனால கதவ சாத்திண்டு பாக்கணும், சாத்தினபடியே எழுதணும், அப்பறம் தொறக்கணும். நீங்க வாசிச்சிருப்பேளே அண்ணா, டீ கொட்டியிருக்கே."

அந்தக் கட்டத்தை எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். கதவு அடுத்த வரியிலேயே இருந்திருக்கிறது.

கதவை அவன் எழுதினான். அழகாகத்தான் எழுதினான். மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு. இரண்டு திரையிலும் 'உங்கள் அறை உறுதி'.

அவன் முகம் வாடியது. வரியை முன்னே பின்னே மாற்றினான். பத்தியை மறுபடி படித்தான். அன்று முழுவதும், மறுநாள் மத்தியானம் வரை. தயிர்சாதத்தைத் திறக்கவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் மத்தியானச் சோறு சாப்பிட்டது குறைவு.

சாப்பிட்டுவிட்டு வந்து, அவன் விரித்து வைத்திருந்த பக்கத்தை நானும் பார்த்தேன். பத்தியைப் பார்க்கவில்லை, எனக்கு அது எங்கே தெரியும். கட்டத்தைப் பார்த்தேன். பதிவுகளை எழுதிவைக்கிற அட்டவணையை உண்டாக்கும் நீண்ட வரியின் கடைசியில், அடைப்புக்குறி முடிந்த பிறகு, வால் போல ஒரு வார்த்தை. இன்னோடிபி. அந்த அத்தியாயத்தில் எல்லாக் கட்டத்திலும் அந்த வால் இருந்தது, எல்லாத் தடவையும் நான் அடித்திருக்கிறேன், என்னவென்று தெரியாமலே. கல்லாற்று அட்டவணையைத் திறந்தேன். வால் இல்லை. வேறு பழைய வகை.

அந்த வால் அட்டவணையின் வகையைச் சொல்வது, பழைய வகைக்குக் கதவு கிடையாது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். கதவைச் சாத்து என்றால் சரி என்று தலையாட்டும். சாத்தாது. சாத்தவில்லை என்று சொல்லவும் செய்யாது.

நான் உடனே சொல்லவில்லை. டீ குடித்தேன். சங்கரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் சுகுமாரன் சேட்டன் மறுபடி ஃபோனில் வந்துவிட்டார். "மேடமே, சனியாழ்ச்சைக்கு ஆளு புக்காயிட்டுண்டு. ஒரு குடும்பமா, ரெண்டா? அதனுசரிச்சு நான் சமோவரக் கழுவி வைக்கட்டு" என்றார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்கள். நான் எழுந்து போய், "தம்பி, அந்த அட்டவணைக்கு வாலில்ல. கட்டத்துல இருக்கு பாரு" என்றேன்.

மாற்றினோம். அமுக்கினோம். ஒரு திரையில் 'உங்கள் அறை உறுதி'. இன்னொன்றில் 'மன்னிக்கவும், இந்த அறை போய்விட்டது'. சங்கரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அந்தச் சனிக்கிழமை மேடம் பேப்பரை மாற்றிக் கொடுத்தார்கள். நான் அட்டவணையில் செய்தது அவனுக்கு. அவன் எழுதிய கதவு எனக்கு. அவன் வாசித்தான். வாலைப் பற்றிச் சொன்னான், அந்தப் பழைய வகை தலையாட்டுவதை நடித்தே காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "இதக் கண்டுபிடிச்சது அண்ணாவாக்கும். நான் ரெண்டு நாள் பேந்தப் பேந்த முழிச்சேன்" என்றான். கை தட்டினார்கள். எனக்கான கைதட்டலைக்கூட அவன்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

என் முறை. கதவு சாத்துகிறது, பார்க்கிறது, எழுதுகிறது, திறக்கிறது. சொன்னேன். மேடம் கேட்டார்கள். "கதகு அடைச்சதுக்கு அப்புறம், எழுதி முடிக்கும் முன்னே கரண்டு போயா?"

"கரண்டு போனா... கம்ப்யூட்டர் நிக்கும் மேடம்."

"அப்போ முறி?"

எனக்குத் தெரியவில்லை. மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார்கள். மூன்றாம் தடவை அவர்கள் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் சங்கரன் மெதுவாக, "பாதி எழுதினத தானே அழிச்சுடும் மேடம், கதவும் தானே தொறந்துக்கும்" என்றான். அடுத்த பத்தியில் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். லீட் சங்கரன். நான் ஒரு வருடக் கான்ட்ராக்ட். வருடம் முடியும்போது பெரிய கம்பெனி மேனேஜர் வந்து பார்ப்பார், சரி என்றால் நிரந்தரம், இல்லை என்றால் இல்லை. இந்த ஒரு வருடத்தைக்கூட மேடம் சண்டை போட்டுத்தான் வாங்கியிருந்தார்கள்.

"பேயைப் பிடிச்சது நான் மேடம்" என்றேன்.

"அதெ. சேட்டன் இல்லாம ஒண்ணும் நடக்கில்லாயிருந்நு. பக்ஷே, அவன் நீங்க எழுதினது வாயிக்கும் சேட்டா. நீங்க அவன் எழுதினது வாயிக்கில்ல."

படி இறங்கும்போது அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று பஸ்ஸில் ஏறியதும் புத்தகத்தை முதல் பக்கத்தில் திறந்தேன். கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு பத்தியைப் படிக்க ஆரம்பித்தேன். நெடுமங்காட்டில் வீடு, போக வர நல்ல நேரம் இருந்தது. இங்கிலீஷ்-தமிழ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பத்தி, சில நாள் அரைப் பத்தி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்தும் ஏறாத இங்கிலீஷ், சங்கரனை நினைத்தால் ஏறியது. அவன் இதைச் சாய்ந்துகொண்டு படித்தானே, நான் நிமிர்ந்து உட்கார்ந்தாவது படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். கண் சொக்கினால் அவன் கைதட்டல் வாங்கிக் கொடுத்ததை நினைப்பேன். தூக்கம் பறந்துவிடும்.

வீட்டுக்கு வந்து, படித்ததைச் செல்வியிடம் தமிழில் சொல்ல வேண்டும். அது நான் வைத்துக்கொண்ட சட்டம். அவள் கிழங்கு நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"கதவ சாத்திட்டா, மத்தவன் எங்க நிப்பான்?"

"வெளிய நிப்பான். தொறக்கிற வரைக்கும் காத்திருப்பான்."

"உள்ள இருக்கவன் செத்துப்போனா?"

"சாவுற மாதிரி இருந்தா கொஞ்ச நேரம் பாத்துட்டுப் பெறகு கதவு தானே தொறக்கும்."

"அப்ப சரி. ஒன் மேடம்கிட்ட கேட்டுச் சொல்லு, எனக்கு ஒரு வேல இருக்கான்னு."

வருடம் முடிந்தது. பெரிய கம்பெனி மேனேஜர் வந்தார். நாற்காலி போட்டும் வேண்டாம் என்று எங்களோடு பாயிலேயே உட்கார்ந்தார். மலையாளிதான், தமிழ் நன்றாகப் புரியும். மேடம் எனக்குக் கொடுத்தது சங்கரன் எழுதியதை. கல்லாற்று வெப்சைட்டிலேயே புதுச் சேர்க்கை. அறைக்காரர்கள் கேட்டிருந்தார்கள், அன்றைக்கே வந்து நிற்பவர்களுக்கு இனிமேல் வெப்சைட்டில் பதிவு வேண்டாம், ஃபோனில் போதும் என்று. அதனால் வருகிற தேதி இன்றைய தேதியாக இருந்தால் தடுத்துவிட வேண்டும். சின்ன வேலை. ஆபீஸில் ஓட்டிப் பார்த்து எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

நான் வாசித்தேன். அவன் கதை சொல்கிற மாதிரி எனக்கு வராது. நின்று நிதானமாக, கல் எடுத்து வைக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "இந்த வரி, ஆளு என்னைக்கு வாரான்னு எடுக்குது. இந்த வரி, இன்னைக்குத் தேதிய எடுக்குது. இந்த வரி, ரெண்டும் ஒண்ணான்னு..."

அங்கே நின்றுவிட்டேன். தமிழில் சொல்லிப் பார்த்ததால்தான் நின்றேன், இல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்பேன்.

"எந்தா சேட்டா?" என்றார்கள் மேடம்.

"இன்னைக்குன்னு எழுதியிருக்கு மேடம். எந்த ஊரு இன்னைக்கு?"

கீழே மாவு அரைக்கிற சத்தம்.

"இது ஓடப்போறது நம்ம மெசின்ல இல்ல. நாம வாடகைக்கு எடுத்திருக்கற மெசின் அமெரிக்காவுல இருக்கு. நமக்கு விடியும்போது அங்க நேத்துதான். காலையில நாகர்கோவில்லேர்ந்து ஒருத்தன் இன்னைக்கே வரணும்னு பதியுவான். மெசின் அத நாளைக்குன்னு நெனச்சு விட்டுரும். ஃபோன்ல வேற ஆளுக்குக் குடுத்த அறைக்கு அவனும் குடும்பத்தோட கல்லாத்துல வந்து நிப்பான். சுகுமாரன் சேட்டன் மறுபடி சமோவருக்குப் பக்கத்துல படுப்பாரு."

மேனேஜர் சிரித்துவிட்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அப்போ எந்து வேணம்?" என்று மட்டும் கேட்டார்கள். எந்த ஊர் மணி என்று முதலிலேயே சொல்லிவிட ஒரு வரி வேண்டும் என்றேன். அது எந்த இடத்தில் வர வேண்டும், ஏன் அங்கே வர வேண்டும், அதற்குக் கீழே வந்தால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். மூன்றாவது கேள்வி வரவே இல்லை.

நான் சங்கரனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் ஒரு சுருக்கம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்.

நிரந்தரம் என்கிற கடிதம் பத்து நாளில் வந்தது. அதற்குப் பிறகு கழக்கூட்டத்தில் கடைசி வரை அவன் எனக்கு மேலேதான் இருந்தான், அவன் சம்பளமும். அதற்கும் பொறாமைப்பட்டேன், அது வேறு கணக்கு.

மேனேஜர் வந்த அந்தச் சனிக்கிழமை எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சங்கரன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, அந்த மணி விஷயம் புஸ்தகத்துல எங்க இருக்கு? நானும் முழுக்க வாசிச்சேனே."

"வாசிச்சிருப்ப தம்பி."

"உங்க புஸ்தகத்த ரெண்டு நாள் தருவேளா? ஆபீஸ் காப்பியக் காணோம்."

அவன் அப்படிக் கேட்பான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எம்.சி.ஏ. படித்தவன். என்னிடம். வியர்வைகூடத் துடைக்காமல் நின்று கேட்டான், எனக்குப் பதில் சொல்லும் அவசரமே இல்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன். தோளில் பை செங்கலாகக் கனத்தது.

"வீட்டுல இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.